பன் அடுப்பில் வெந்த இன்ஜின் தலை

சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெரிய பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள என்ன சார், இவ்ளோ கனம்?" என்று கேட்டார். நான் யோசிக்காமல், "தலை" என்றேன்.

அவருடைய கை பெட்டியின் மேல் அப்படியே நின்றது. எனக்குப் பின்னால் வரிசையில் இருந்த ஒரு குடும்பம் கொஞ்சம் நகர்ந்து நின்றது. ஈப்போவில் எங்கள் பழைய கார்க் கூட்டாளிகள் நடுவே சிலிண்டர் ஹெட்டுக்குத் தலை என்றுதான் பெயர். அதே வாய் இங்கேயும் வந்துவிட்டது. அவசரமாகப் பெட்டியைத் திறந்து காட்டினேன். பழைய துண்டுகளுக்கு நடுவில் ஒன்றரை முழ நீளத்தில் ஓர் அலுமினியக் கட்டி. இன்ஜினின் மேல்பாதி. நாலாவது சிலிண்டருக்கு மேலே, இரண்டு வால்வுகளுக்கு நடுவில், மயிரிழை கனத்துக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது.

அதிகாரி விரிசலைத் தடவிப் பார்த்தார். "எல்லாரும் வெளிநாட்டுலேர்ந்து புதுசு கொண்டு வருவாங்க. நீங்க ஒடஞ்சத கொண்டு வர்றீங்களே?"

"இங்க ஒட்டித் தர்றதா சொன்னாங்க. திண்டிவனத்துல."

"என் மாமியார் ஊருதான். எனக்குத் தெரியாம அங்க யாரு சார்?" என்று சிரித்துக்கொண்டே பெட்டியை மூடினார்.

என் பெயர் குணசேகரன். ஈப்போவில் பல் செட் செய்வது தொழில். மற்றபடி என் நேரமெல்லாம் ஒரு காருக்குப் போகிறது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்த இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார். நீளமான மூக்கு, குட்டை வால், ஆறு சிலிண்டர். ஒரு ரப்பர் தோட்டத்துக் கொட்டகையில் கோழிகள் முட்டையிட்டுக் கிடந்ததை வாங்கி, வருடக்கணக்காகத் திருகு திருகாகப் பிரித்து, துரு சுரண்டி, சாயம் அடித்து, கம்பெனியிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே நிறுத்திவிட்டேன். ஓடாது என்பது மட்டும்தான் குறை. வாங்கும்போதே தலை வெடித்திருந்தது. ஈப்போவில் பார்த்த பட்டறைக்காரர்கள் எல்லாரும் தூக்கிப் போடச் சொன்னார்கள். வேறு தலை கிடைக்கவில்லை. என் இன்ஜின் என்ன சத்தம் போடும் என்று தெரியாமலே அதற்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் இணையத்தில், இந்தக் கார் வைத்திருப்பவர்கள் கூடும் குழு ஒன்றில், திண்டிவனத்திலிருந்து ஜுபைதா என்பவர் எழுதினார். அதே கார். தலை நல்ல தலை. ஆனால் கண்ணாடி ஏற்றி இறக்கும் கருவி இல்லை, ஜன்னல் ரப்பர் இல்லை, பின்விளக்கு இல்லை, கார்புரேட்டர் இல்லை. இவையெல்லாம் என்னிடம் இரட்டையாக இருந்தன. பார்க்கிற இடத்தில் எல்லாம் வாங்கிப் போடுகிற வியாதி எனக்கு உண்டு.

"உங்க ஒடஞ்ச தலையை இங்க ஒட்டிக்கலாம். ரப்பரை எங்க போய் ஒட்டறது?" என்று எழுதியிருந்தார். "என் தலையை நீங்க எடுத்துக்குங்க. உங்க தலையையும் அந்தச் சாமானையும் கொண்டாந்துடுங்க."

யோசித்துத்தான் சொல்கிறீர்களா என்று இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் கட்டைவிரல் படம் வந்தது. கிளம்பிவிட்டேன்.

*

பேருந்து மேல்மருவத்தூர் தாண்டியதும் டயர் வெடித்து ஓரமாக நின்றது. பின்னால் வந்த வண்டியில் எங்களை ஏற்றிவிட்டார்கள். அதில் ஏற்கெனவே உட்கார இடமில்லை. நான் இரண்டு பெட்டிகளோடு நடுவில் நின்றேன். பூக்கூடையோடு இருந்த ஓர் அம்மாள் என்னிடம் கேட்காமலே பெரிய பெட்டியின் மேல் உட்கார்ந்து, கொஞ்ச தூரம் போனதும் நிமிர்ந்து பார்த்தார்.

"உள்ள இன்னா வச்சிருக்கற, கல்லாட்டம் கீது?"

"கார் இன்ஜினோட தலைங்க."

"தல இல்லாம அந்தக் காரு எப்படி ஓடுது?"

"ஓடலைங்க."

இறங்கும்போது ஒரு முழம் கனகாம்பரத்தைக் கிள்ளிப் பெட்டியின் கைப்பிடியில் சுற்றிவிட்டுப் போனார். எங்கள் ஊர் விரைவுப் பேருந்தில் ஐந்து மணி நேரம் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் வந்து இறங்கலாம். இங்கே அந்த வசதி இல்லை.

திண்டிவனத்தில் பசியாறலாம் என்று ஓட்டலுக்குள் நுழைந்து, "பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டதும் பரிமாறுபவர் புன்னகைத்தார். எங்கள் ஊரில் காலை உணவுக்கு அதுதான் சொல். "இட்லி, வடகறி. பசி ஆறலன்னா திரும்பக் கேளுங்க" என்றார். வடகறியை அதுவரை சாப்பிட்டதில்லை. பருப்பு வடையை உதிர்த்து மசாலாவில் வேகவைத்தது. திரும்பக் கேட்டேன்.

ஜுபைதாவின் கடை மரக்காணம் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருந்தது. லாரிக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் சீட் கவர் தைக்கிற கடை. நாற்பதை நெருங்கும் வயது. தலையில் முக்காடு, நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்ட மூக்குக் கண்ணாடி, சட்டைக் கையெல்லாம் நூல் துணுக்கு. மெஷினை விட்டு எழுந்து வந்து, "வாங்கண்ணே, மெசேஜ் பாத்தேன், பஸ்ல பேஜாராப் போச்சாமே" என்றவர், என் பதிலுக்குக் காத்திராமல், "மொதல்ல வண்டியப் பாருங்க. அப்பறம் டீ குடிக்கலாம்" என்று கடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. பழைய ஃப்ளெக்ஸ் பேனர் ஒன்றை அவர் இழுத்துப் போட்டார்.

எனக்குத் தெரிந்த கார்தான் அது. அதன் ஒவ்வொரு வளைவும் என் உள்ளங்கைக்குத் தெரியும். ஆனால் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. உடம்பு முழுக்க மீன்பிடிப் படகின் நீலம். இருக்கைகளில் கருஞ்சிவப்பு ரெக்சின், ஓரமெல்லாம் லாரி இருக்கைக்குப் போடுகிற வெள்ளைக் கயிறு வேலை. கூரையின் உட்பக்கம் புறாக்கழுத்து நிறத் துணியை ஒரு சுருக்கமில்லாமல் இழுத்துத் தைத்திருந்தார். கதவின் கீழ்ப்பாதியைத் தகடு தட்டிப் புதிதாகவே செய்திருந்தார்கள். நான் என் காருக்கு ஒரு திருகின் பூச்சு நிறம் சரியில்லை என்று மூன்று மாதம் தேடியவன். அசலை மாற்றுகிறவர்களோடு இணையத்தில் சண்டை போடுகிறவன். அன்றைக்குக் குறை தேடத் தோன்றவில்லை. காரைச் சுற்றி வந்தேன். மறுபடியும் சுற்றினேன்.

"இன்னாண்ணே, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?"

"உள்ள உக்காரலாமா?"

"அதுக்குத்தான தெச்சு வச்சிருக்கறேன்."

உட்கார்ந்தேன். முன்னால் அந்த நீள மூக்கு திறந்து கிடந்தது. மூடி இல்லை. இன்ஜினின் மேல் ஒரு நெகிழித்தாளைக் கட்டியிருந்தார். எனக்குத் தருவதற்காகத் தலையை அவர் ஏற்கெனவே கழற்றித் துடைத்து, பெஞ்சின் மேல் ஒரு பழைய பூப்போட்ட போர்வையில் சுற்றி வைத்துவிட்டார்.

*

அந்தக் காரின் கதையை ஜுபைதா டீ குடித்துக்கொண்டே சொன்னார். குயிலாப்பாளையத்தில் ஒரு முந்திரித் தோப்பு. அங்கே வெகுகாலம் முன்பு தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் காரை ஒரு கீற்றுக் கொட்டகையில் விட்டுவிட்டு ஊருக்குப் போனவர், திரும்பவே இல்லை. ஜுபைதாவின் கணவர் இலியாஸ் கோட்டக்குப்பத்துக்காரர். இளம் வயதில் குயிலாப்பாளையத்தில் ஒரு மெக்கானிக்கிடம் வேலை பார்த்தபோது தினமும் அந்த வேலிக்கு இந்தப் பக்கம் சைக்கிளை நிறுத்திக் காரைப் பார்த்துவிட்டுப் போவாராம். கல்யாணம் ஆன புதிதில் ஜுபைதாவையும் அழைத்துப் போய்க் காட்டியிருக்கிறார்.

"பொண்டாட்டிய கடற்கரைக்கு இட்டுக்கினு போவாங்க, சினிமாவுக்கு இட்டுக்கினு போவாங்க. இவரு வேலியாண்ட நிக்க வச்சு, 'மூக்கப் பாத்தியா'ங்கறாரு."

பிறகு இலியாஸ் ஷார்ஜாவுக்குக் கார் பட்டறை வேலைக்குப் போனார். தோப்பு கைமாறியது. வாங்கியவர் காரைப் பழைய இரும்புக்குப் போடப்போகிறார் என்று கேள்விப்பட்டு, ஜுபைதா ஒரு டிராக்டரை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு போய்ப் பேசி வாங்கி, அதன் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அதற்கு முன் அவர் ஸ்பானரைக் கையில் எடுத்ததில்லை. இலியாஸ் அங்கிருந்து வீடியோவில் சொல்லச் சொல்ல, இவர் இங்கே கழற்றினார். அப்படியே வருடங்கள் ஓடிவிட்டன. கணவர் சொல்லிக் கொடுத்துத்தான் முழு இன்ஜினையும் பிரித்து மாட்டியிருக்கிறார். ஊருக்கு வர விடுப்பு அமையாத அந்த மனிதர், வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி, காரை இன்னும் ஒரு முறை கூடத் தொட்டதில்லை.

அன்று மாலை இலியாஸ் வீடியோவில் வந்தார். பெரிய மீசை, நிதானமான முகம். என்னை விசாரித்தார். ஜுபைதா கைப்பேசியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, உரக்கப் பேசினார். தொடர்பு சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

*

மறுநாள் கார் மூடியை வாங்கிவர மரக்காணம் பக்கம் ஒரு மீனவர் குப்பத்துக்குப் போனோம். ஜுபைதா ஒரு மினி லாரியை ஓட்டி வந்தார். அவர் ஓட்டுகிற வேகத்துக்கு நான் இருக்கையின் வெள்ளைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வழியில் உப்பளம். ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்பு மலைகள் உண்டு, வெள்ளை எனக்குப் புதிதில்லை. ஆனால் தரையோடு தரையாக, வானத்தை வாங்கி வைத்துக்கொண்டு, குவியல் குவியலாக வெள்ளை கிடந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். லாரியை நிறுத்தச் சொல்லலாமா என்று நினைப்பதற்குள் கடந்துவிட்டோம்.

வேலாயுதம் ஃபைபர் படகு கட்டுகிறவர், உடைந்த படகை ஒட்டுகிறவர். மணலில் கவிழ்த்துப் போட்ட படகுகளுக்கு நடுவில் எங்கள் கார் மூடி நிமிர்ந்து நின்றது. எனக்குத் தெரிந்து இந்தக் காரின் மூடியை வெறும் புகைப்படத்தையும் ஓட்டை விழுந்த பழைய தகட்டையும் வைத்து யாரும் செய்ததில்லை. நடுவில் எழுந்து முன்னோக்கிச் சரிகிற அந்த முதுகு அப்படியே வந்திருந்தது. பக்கவாட்டில் கண் வைத்துப் பார்த்தேன். கோடு எங்கேயும் அலையவில்லை.

"மொதல்ல ஒண்ணு பண்ணாரு. நாலு ஆளு தூக்கணும்" என்றார் ஜுபைதா.

"அலை அடிச்சா தாங்கணும்ல" என்றார் வேலாயுதம்.

"ரோட்டுல இன்னாண்ணே அலை?"

"எனக்குத் தெரிஞ்சத செஞ்சேன். ரெண்டாவது ரொம்ப லேசாப் போயி காத்துல பறந்துட்டுது. இது மூணாவது." என்னைப் பார்த்து, "தட்டிப் பாருங்க சார்" என்றார்.

தட்டினேன். நல்ல சத்தம். உட்புறம் திருப்பிப் பார்த்தேன். வெளியே யாருக்கும் தெரியாத அந்த இடத்தில், படகில் எழுதுகிற அதே எழுத்தில் தன் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு வஞ்சிர மீனையும் வரைந்திருந்தார்.

மதியம் அவர் வீட்டில் கேப்பைக் கூழும் சுட்ட கருவாடும். அவர் மனைவி என் கையிலிருந்த சொம்பைக் காலியாகவே விடவில்லை. எங்கள் ஊரில் பினாங்குக்காரர்கள் லக்சா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள். அடுத்த முறை பேசினால் எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது.

*

அதற்கு அடுத்த நாள் காலை, என் உடைந்த தலையைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு பாசஞ்சர் ரயிலில் விழுப்புரம் போனோம். இங்கே மல்லாட்டை என்று சொல்கிற நிலக்கடலை விற்கிறவரிடம் ஜுபைதா இரண்டு பொட்டலம் வாங்கி ஒன்றை எனக்குக் கொடுத்தார். வறுத்த சூடு அடங்கவில்லை. உரித்துக்கொண்டே, "உங்களாண்ட ஒண்ணு சொல்லணும்ண்ணே" என்றார்.

"அவருக்குக் காது போய்க்கினு இருக்குது. பட்டறை சத்தத்துலயே இத்தன வருசம் இருந்துட்டாரு இல்ல. எடது காது சுத்தமா இல்ல. வலது காதும் கொறைஞ்சுக்கினே வருது. டாக்டரு மிஷினு வச்சா பேச்சு கேக்கும்னு சொல்லிட்டாரு. இவரு, 'பேச்சு கேக்கும், இன்ஜின் கேக்காது, எல்லாம் ஒரே இரைச்சலாப் போயிடும்'ங்கறாரு. அவரு சத்தத்த வச்சுதான வண்டி பாப்பாரு." மல்லாட்டைத் தோலை ஜன்னலுக்கு வெளியே ஊதினார். "காது சுத்தமாப் போறதுக்கு முன்னாடி இந்த வண்டி சத்தத்த ஒரு தபா கேக்கணும். அதான் ஜல்தி ஜல்தியா செஞ்சுக்கினு இருக்கறேன்."

"அப்புறம் ஏம்மா நல்ல தலைய எனக்குக் குடுக்கறே?"

"கார்புரேட்டரு இல்லாம நல்ல தலைய வச்சு இன்னா பண்றது? நீங்க கொண்டாந்தாத்தான் இது ஓடும். குடுக்கறேன்னு சொல்லிட்டேன்."

விழுப்புரத்தில் ஆரோக்கியம் என்கிற வெல்டரின் பட்டறை, ஒரு பேக்கரிக்கு அடுத்த கதவு. லாரி இன்ஜின், மோட்டார் பம்பு என்று அலுமினியத்தில் உடைந்தது எதுவானாலும் அவரிடம் வரும். அவர் தலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, விரிசலை வாயால் ஊதிப் பார்த்தார். "வரும்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "வர வைக்கணும்" என்றார்.

விரிசலை முழுக்கத் தோண்டி எடுத்துப் பள்ளமாக்கி, அந்தப் பள்ளத்தைப் புது அலுமினியத்தால் நிரப்ப வேண்டும். அப்படிச் செய்யும்போது ஒரு இடம் மட்டும் சூடேறினால் பக்கத்தில் புதிதாக விரியும். அதனால் தலை முழுவதும் சமமாகச் சூடாக வேண்டும், வேலை முடிந்ததும் மெல்ல ஆற வேண்டும். அதற்கு அவருக்கு ஒரு வழி இருந்தது. பக்கத்து பேக்கரியின் விறகு அடுப்பு. காலைப் பன் எடுத்த பிறகு அடுப்பில் மிச்சமிருக்கும் சூடு இதற்குச் சரியாக இருக்கும் என்றார்.

பேக்கரிக்காரர் ஒரு நிபந்தனைதான் போட்டார். "பிஸ்கட் போடறதுக்குள்ள எடுத்துடணும்பா. போன தபா பம்பு வாசனை வந்துட்டுது."

நீண்ட மரத் துடுப்பில் பன் தட்டைத் தள்ளுவது போல என் தலையை உள்ளே தள்ளினார்கள். அடுப்பின் வாயில் நின்று பார்த்தேன். உள்ளே செங்கல் வளைவின் அடியில், இருட்டில், ஜப்பானில் எங்கோ வார்த்த அந்த உலோகம் கிடந்தது. அதைச் சுற்றி வெண்ணெயும் ஏலக்காயும் மணத்தன. நான் பீங்கான் பல்லைச் சூளையில் வைத்து எடுக்கிறவன். மின்சாரச் சூளை, கணினித் திரை. என் கையிலும் சூடு உண்டு, பொறுமை உண்டு. ஆனாலும் அந்த அடுப்பின் முன் நிற்கும்போது, கோயிலுக்குள் செருப்போடு வந்துவிட்டவன் போலக் கூச்சமாக இருந்தது.

சாக்கு சுற்றி வெளியே எடுத்து, ஆரோக்கியம் முகமூடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நீல வெளிச்சம். நாங்கள் திரும்பி நின்றோம். முடிந்ததும் தலை மறுபடியும் அடுப்புக்குள் போனது. பிஸ்கட் நேரத்துக்குள் அதை எடுத்துச் சாம்பல் தொட்டியில் புதைத்தார்கள். நாளைக்கு வாருங்கள் என்றார்.

*

மறுநாள் போனோம். தலையில் தண்ணீர் ஓடும் துவாரங்களையெல்லாம் ரப்பர் வைத்து அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, சிமெண்ட் தொட்டித் தண்ணீரில் முக்கினார் ஆரோக்கியம். மூவரும் குனிந்து பார்த்தோம். தண்ணீர் அசைவு அடங்கியது. வெல்டிங் பளபளவென்று தெரிந்தது.

அதன் ஓரத்திலிருந்து ஒரு குமிழி கிளம்பி மேலே வந்தது. பிறகு இன்னொன்று.

ஜுபைதா நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார். குமிழி வந்துகொண்டே இருந்தது.

"வால்வு உக்கார்ற வளையம் இருக்குதே, அந்த சீட்டுக்கு அடியிலயும் ஓடியிருக்குது. மேல பாத்தப்போ தெரியல" என்றார் ஆரோக்கியம். "சீட்ட கழட்டிட்டு ஆழமாத் தோண்டணும். ஆனா ரெண்டாவது தபா சூடு பண்றது..." என்று கையை ஆட்டினார்.

பேக்கரி பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் சொன்னேன், "ஜுபைதா, உன் தலைய உன் வண்டியிலயே மாட்டிடு. சாமானெல்லாம் வச்சுக்க. நான் இதத் தூக்கிக்கிட்டுப் போறேன். இத்தனை வருஷம் ஓடாம இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கட்டும்."

அவருடைய முகம் மாறிவிட்டது. "பாவம்னு குடுக்கறீங்களா?"

"அப்படி இல்லம்மா..."

"ரயில்ல நான் சொன்னது இதுக்கா? அதக் கேட்டுட்டு நீங்க விட்டுக் குடுப்பீங்கன்னா சொன்னேன்?" குரல் உயரவில்லை, ஆனால் பேக்கரிக்காரர் உள்ளே போய்விட்டார். "நான் பேசினது பேச்சுண்ணே. நல்ல தலை உங்களுது. இது என்னுது. இது வந்தா ஓட்டறேன், வரலன்னா வேற பாக்கறேன்."

எனக்குக் கோபம் வந்தது. கோபம் அவர் மேல் இல்லை. அவர் அப்படிச் சொன்னதும் என் உள்ளே எங்கோ ஒரு மூலையில் நிம்மதி எட்டிப் பார்த்ததே, அதன் மேல்தான். நல்ல தலை எனக்கு வேண்டியிருந்தது. அதை ஒளிக்க முடியவில்லை.

ஆரோக்கியம் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "ரெண்டு பேரும் சண்டைய முடிச்சீங்கன்னா சீட்ட கழட்டலாம். அடுப்பு ஆறிக்கினு இருக்குது."

மனைவிக்குப் போன் போட்டு, பயணச்சீட்டை மாற்ற வேண்டியிருக்கிறது என்றேன். "கீழ்வரிசைப் பல்லு கேட்டு ஒருத்தர் தினமும் வந்து நிக்கிறாரு, கஞ்சிதான் குடிக்கிறாராம்" என்றார் அவர். பிறகு கொஞ்சம் பொறுத்து, "ஓடின பெறகு வாங்க. பாதியில வந்தீங்கன்னா இங்க உங்கள வச்சுப் பார்க்க முடியாது" என்றார்.

இரண்டாவது முறை அடுப்பு. இரண்டாவது முறை நீல வெளிச்சம். சாம்பலில் புதைத்துவிட்டு வந்த அன்று ஜுபைதா வீட்டில் நெய்ச்சோறும் தால்சாவும் செய்திருந்தார். அதைப் பற்றி நாலு வரி எழுத வேண்டும்தான். ஆனால் என்ன ருசி என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. அவரும் சாப்பிடவில்லை. இலியாஸ் வீடியோவில் வந்து, குமிழி எந்தப் பக்கமிருந்து வந்தது என்று கேட்டார். ஜுபைதா உரக்கச் சொன்னார். அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஆரோக்கியம் அண்ணன் தோண்டினா சரியாத்தான் தோண்டுவாரு" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையில் நம்பினாரா, எனக்குப் பிடிபடவில்லை.

தொட்டித் தண்ணீரில் இரண்டாவது முறை முக்கியபோது நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். தண்ணீர் நின்றது. எங்கள் மூன்று முகங்களும் அதில் தெரிந்தன. ஆரோக்கியம் காற்றை இன்னும் ஏற்றினார். ஒன்றும் வரவில்லை. ஒரு கொசு வந்து தண்ணீரில் உட்கார்ந்தது, அந்த வட்டம்தான் விரிந்தது. அதற்கே ஜுபைதா என் முழங்கையைப் பிடித்துவிட்டார்.

"வந்துட்டுது" என்றார் ஆரோக்கியம். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தார்.

*

அதற்கடுத்த நாட்கள் கொட்டகையில் போயின. தலையின் அடிப்பரப்பை இன்ஜின் கடைசல் செய்யும் ரீபோரிங் பட்டறையில் மட்டம் செய்து, புது வால்வு சீட் அடித்து எடுத்து வந்தோம். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்துக்கு, வரிசை மாறாமல், அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் நின்று முறுக்கினோம். கார்புரேட்டரின் நுண்ணிய துவாரங்களைப் பல் குத்தும் ஊசியால் நான் சுத்தம் செய்தபோது ஜுபைதா வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "உங்களாண்ட பல்லு கட்ட வர்றேண்ணே, கூச்சமே இல்லாம கட்டுவீங்க போல" என்றார். இத்தனை நாளில் நான் அவரிடம் வாங்கிய ஒரே பாராட்டு.

ஸ்டார்ட் செய்வதற்கு வெள்ளிக்கிழமை மதியத்தை இலியாஸ் சொல்லியிருந்தார். அன்றைக்குப் பட்டறைக்கு விடுமுறை, அறையில் யாரும் இருக்க மாட்டார்கள். ஜன்னலை அடைத்து, ஏசியையும் நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றார். முகம் வியர்த்திருந்தது. கைப்பேசியை வலது காதோடு ஒட்டிக்கொண்டதால், திரையில் அவருடைய காது மடல் மட்டும் தெரிந்தது.

ஜுபைதா உள்ளே உட்கார்ந்தார். நான் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு இன்ஜின் பக்கத்தில் நின்றேன். சாவியைத் திருகினார். இன்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடியும். கார்புரேட்டர் வழியாக ஒரு தும்மல், கொஞ்சம் புகை. நான் திருகு ஒன்றைக் கால் சுற்று திருப்பினேன். மூன்றாவது முறை ஒன்று பிடித்தது, அதன் பின்னால் மற்றவை ஓடி வந்து சேர்ந்துகொண்டன.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று யோசித்துப் பார்த்துவிட்டேன், வரவில்லை. ஆறு சிலிண்டர் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கிறது. காதுக்கு அது ஒரே நீளமான சத்தமாகக் கேட்கிறது. கார் முழுவதும் மெல்ல நடுங்கியது. பெஞ்சின் மேலிருந்த ஸ்பானர்கள் கிண்கிணித்தன. என் காருக்குள்ளும் இதுதான் இருந்திருக்கிறது, இத்தனை வருடமும், பேசாமல். என் கண்ணிலிருந்து தண்ணீர் வந்ததை எண்ணெய்க் கையால் துடைத்து முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டேன்.

கைப்பேசியை வால்வு மூடிக்குப் பக்கத்தில் பிடித்தேன். இலியாஸ் எதுவும் சொல்லவில்லை. வெப்பமானியின் முள் மெல்ல ஏறி நடுவில் நின்றது. தண்ணீர் எங்கேயும் கசியவில்லை. இன்னும் அவர் பேசவில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தேன். காது மடல் அங்கேயே இருந்தது. ஜுபைதா உள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், கேட்டதா இல்லையா என்று கண்ணால் கேட்டார்.

பிறகு குரல் வந்தது.

"நாலாவது சிலிண்டர்ல வால்வு டேப்பட் தட்டுது. கேப்பு ஜாஸ்தியா வச்சிருக்கே பாரு."

ஜுபைதா ஸ்டியரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று நான் பார்க்கப் போகவில்லை. கைப்பேசிக்குள் அந்த மனிதர், "ஜுபி? அணைச்சிடாத. இன்னும் கொஞ்சம் வுடு. அப்படியே வுடு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

என் கார் ஈப்போவில் அடுத்த மாதமே ஓடியது. நல்ல தலை நல்ல தலைதான். அதை என் மனைவி இன்னொரு கட்டுரையாக எழுதினால்தான் நியாயமாக இருக்கும். நான் இங்கே சொல்ல வேண்டியது இன்னும் ஒன்றுதான் பாக்கி.

கொட்டகைக்குப் பின்னால், மல்லாட்டை நிலங்களுக்கு நடுவில், ஒரு மண் பாதை போகிறது. நிலம் ஜுபைதாவின் சொந்தக்காரர்களுடையது. டேப்பட் இடைவெளியைச் சரிசெய்து, படகு நீல மூடியை மாட்டி, வெயில் தாழ்ந்ததும் காரை வெளியே எடுத்தோம். "போர் கொட்டா வரைக்கும் போய்ட்டுத் திரும்பிடலாம்ண்ணே. ஒட்டின தலை, ரொம்ப ஓட்டக் கூடாது" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டேன். இலியாஸ் இணைப்பிலேயே இருந்தார்.

முதல் கியர், இரண்டாவது. களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து, களைக்கொத்துப் பிடித்த கையை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தார்கள். மூக்கு முன்னால் நீண்டு போனது. அதற்கு முன்னால் பாதை சிவப்பாகத் திறந்து வந்தது. ஜுபைதா மூன்றாவது போட்டார். முள்ளைப் பார்த்தேன், அசையவில்லை. ஆழ்துளைக் கிணற்று மோட்டார்க் கொட்டகை வந்தது. அதன் பக்கத்தில் வண்டி திருப்ப இடமும் இருந்தது.

ஜுபைதா திருப்பவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. மடியிலிருந்தும் ஒரு சத்தமும் இல்லை. ஏரிக்கரை வரைக்கும் போனோம், அதையும் தாண்டிப் போனோம்.